எல்இடி போட்டால் லாபமா என்று என்னைக் கேட்டவர்கள்

பல்பு விற்கிற தொழிலில், பல்பை மட்டும் விற்றுவிட்டுச் சும்மா இருக்கிறவர்கள்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நான் ஒவ்வொரு பல்போடும் ஒரு வாக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் பாயில் புரளுகிற ரகம்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் கொஞ்சம் நடந்தால், ஒரு மருந்துக் கடைக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது எங்கள் எலக்ட்ரிக்கல் கடை. வீட்டுக்காரர் ஊர் ஊராக வயரிங் வேலைக்குப் போவார். கடையில் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாட்டும் வோல்டும் அட்டையில் பார்த்ததும், அவர் சொல்லிக் கேட்டதும்தான். கவலைப்படுவது மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக வந்தது.

கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். "எல்இடி போட்டா லாபமாக்கா?" நீங்களும் யாருக்காவது "இதை வாங்கு, நல்லது" என்று சொல்லிவிட்டு, அந்த ஆளை ரோட்டில் பார்த்தால் சந்துக்குள் திரும்பியிருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். போன ஐப்பசியில் நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது கடையில் இல்லை, சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புப் பந்தியில். கேட்டது என் தங்கச்சி தேவகியின் மாமியார். பனமலையில் அவர்கள் வீடு பெரிய வீடு. முன்கட்டு, பின்கட்டு, மாட்டுக் கொட்டகை என்று எங்கே பார்த்தாலும் குண்டு பல்பும் பழைய டியூப் லைட்டும். எல்லாவற்றையும் மாற்றலாம் என்று தேவகி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து அவள் பேச்சு எடுபட்டதே இல்லை. குழம்புக்கு எந்தக் காய் என்பதைக்கூட மாமியார்தான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவள் முதல் தடவையாக வாயைத் திறந்திருக்கிறாள். நான் அக்கா இல்லையா? இலையில் பாயசம் விழுந்த ஜோரில், "மொத்தத்தையும் மாத்துங்க அத்தே, பில்லு பாதியாயிடும், நான் சொல்றேன்" என்றேன்.

"ஆவலைன்னா?" என்றார் அத்தை.

"என்னைக் கேளுங்க" என்றேன். பாயசம் அதோடு இறங்கவில்லை.

மாற்றிவிட்டார்கள். கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். அன்றைக்குப் பந்தி முடிந்து கை கழுவும் இடத்திலேயே தேவகி என் முழங்கையைப் பிடித்து, "யக்கா, கொறையலைன்னா இனிமே அந்த வூட்ல நான் வாயே தொறக்க முடியாது" என்றாள். அந்த இரண்டு மாதமும் கடைக்குள் யார் நுழைந்தாலும் எனக்கு அபசகுனமாகவே தெரிந்தது. அவர்களில் சிலரைச் சொல்கிறேன்.

இல்லாத பில்

முதலில் வந்தவர் மண்டகப்பட்டுக்காரர் ஒருவர். வேர்க்கடலை மூட்டை போட மார்க்கெட் கமிட்டிக்கு வந்தவர், பஸ்சுக்கு நேரம் இருந்ததால் கடைக்குள் ஏறினார். எங்கள் ஊரில் பல்பு வாங்க ஒரு முறை இருக்கிறது. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் நம்ப மாட்டார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ள பலகையில் பல்பை மாட்டி எரியவைத்துக் காட்ட வேண்டும். வெயில் நேரத்தில் எது எரிந்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனாலும் அவர் குண்டு பல்பை ஒரு தரம், எல்இடியை ஒரு தரம் எரியவிட்டு, இரண்டின் அடியிலும் கையை நீட்டிப் பார்த்தார். அடுப்பில் குளிர் காய்வது போல.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? அறுபது வாட் குண்டு பல்பு கொடுக்கிற வெளிச்சத்தை இது ஒன்பது வாட்டிலேயே கொடுக்கும், கரண்டு பில் பாதியாகிவிடும் என்று பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் எல்இடியைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க வூட்ல ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனு, ஒரு டிவிக்கா. நூறு யூனிட்டு ஃப்ரீயிலேயே அடங்கிடும், பில்லே வராது. வராத பில்லை நீ எப்டிக்கா பாதியாக்குவ?"

பில் வருமா என்று கேட்ட அக்கா

அவர் இறங்கிய உடனே எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. தேவகி வீட்டுக்கு மட்டும் பில் வருகிறதா, அதுவும் ஃப்ரீயிலேயே அடங்கிவிடுகிறதா? ஒன்றுமே வராத வீட்டில் போய் பாதியாகும் என்று சொல்லித் தொலைத்தேனா? உடனே அவளுக்கு போன் போட்டேன். ஃபிரிட்ஜ் இருக்கிறது, டேங்குக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் இருக்கிறது, பில் ஜோராக வருகிறது என்றாள். நான் கண்ணை மூடி, "அப்பாடா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

தேவகி கேட்டாள்: "யக்கா, எங்க வூட்ல பில்லு எகிறுதுன்னா உனக்கு இன்னாத்துக்குக்கா இவ்ளோ சந்தோசம்?"

அணைத்த பிறகும் எரிந்தது

கார்த்திகை மழையில், கிருஷ்ணாபுரம் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். எங்கள் கடையில் வாங்கிய எல்இடியை மஞ்சள் துணியில் சுற்றி, கையை நீட்டி உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கல்லா மேல் வைக்கச் சொன்னேன். வைக்க மாட்டேன் என்றுவிட்டார். விஷயம் என்னவென்றால், ஸ்விட்சை அணைத்த பிறகும் பல்பு லேசாக எரிகிறதாம். மருமகள் பயந்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். வாசலில் எலுமிச்சம்பழம் கட்டியாகிவிட்டது, வேப்பிலை செருகியாகிவிட்டது, பல்பு அடங்கவில்லை. பலகையில் மாட்டி அணைத்துக் காட்டினேன். ஒழுங்காக அணைந்தது. "உன் கடையில அணையுது, என் வூட்ல அணையலையே, அதான் பயமா இருக்குது" என்றார். எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பல்பைத் துணியோடு வாங்கி வைத்தேன்.

மறுநாள் வீட்டுக்காரர் போய்ப் பார்த்தார். ஸ்விட்சுக்குள் போக வேண்டிய வயருக்குப் பதிலாக இன்னொரு வயரைக் கொடுத்திருக்கிறார்கள். அணைத்தாலும் பல்பு வரைக்கும் கரண்டு வந்து நிற்கும். குண்டு பல்புக்கு அந்தக் கொஞ்சம் கரண்டு போதாது, அது பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தது. எல்இடிக்கு அதுவே போதும், கண்ணைத் திறந்துகொண்டது. இத்தனை வருஷமாகப் பல்பு மாற்றும்போது யாருக்கும் ஷாக் அடிக்காதது அந்த அம்மா செய்த புண்ணியம். சரி, இப்படி வயரிங் செய்த புத்திசாலி யார் என்று விசாரித்தால், தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டுக்காரரேதான். தலையைக் குனிந்துகொண்டு வயரை மாற்றிக் கொடுத்தார். அந்த அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாராம்: "பேயின்னா ஒரு எலுமிச்சம்பழத்தோட போயிருக்கும் தம்பி. நீ வந்ததுக்குக் கூலி வேற கேப்பியே!"

பெண் பார்த்த வெளிச்சம்

ஆரோக்கியசாமி அண்ணன் மாதா கோயில் தெருக்காரர். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், ஹாலுக்கு நல்ல வெளிச்சமாக ஒன்று கொடு என்று வந்தார். வெள்ளையா, மஞ்சளா என்று கேட்டேன். எங்கள் பக்கம் மஞ்சள் வெளிச்சம் என்றால் ஏதோ பழைய பல்பைத் தலையில் கட்டுகிறார்கள் என்று நினைப்பார்கள். அவரும் வெள்ளைதான் கேட்டார். நானும் என் பங்குக்கு, இருப்பதிலேயே பெரியதாக எடுத்துக் கொடுத்து, "பகல் மாதிரி இருக்கும்ணே, நான் சொல்றேன்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவர் ரோட்டைக் கடந்து வருவதைப் பார்த்ததும் நான் கல்லாவுக்குக் கீழே குனிந்து எதையோ தேடினேன். பகல் மாதிரிதான் இருந்ததாம். அதுதான் வினை. அதுவரைக்கும் மங்கலில் மறைந்து கிடந்த மழைக் கசிவு, சுவரில் விட்ட விரிசல், மூலையில் பல்லி போட்ட கோலம், சேசு படத்துக்குப் பின்னால் இருந்த ஒட்டடை எல்லாம் எடுப்பாகத் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா அந்தக் காலத்துக் கொத்தனார். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரை ஒரு சுற்றுச் சுற்றித் தட்டிப் பார்த்தாராம். "ஐயோ, அப்புறம் பொண்ணு விஷயம் இன்னாண்ணே ஆச்சி?" என்றேன், அழாத குறையாக. அவர் முகத்தை மாற்றிக்கொள்ளாமலே சொன்னார்: "பொண்ணு புடிச்சிருக்குதாம். வூட்டுக்கு சுண்ணாம்பு அடிச்சிட்டு நிச்சயம் வெச்சிக்கலாம்னுட்டாங்க. நீ இப்ப அந்த மஞ்சள் லைட்டைக் குடு, நிச்சயம் வரைக்கும் மாட்டி வெக்கிறேன்."

கழுவிய பல்பு

எல்இடிக்கு உத்தரவாதம் உண்டு. பில்லை யாரும் பத்திரமாக வைப்பதில்லை என்பதால், விற்கும்போதே பல்பின் அடியில் அழியாத மை பேனாவால் தேதியை எழுதிக் கொடுத்துவிடுவோம். தேதி இருந்தால் மாற்றித் தருவோம். ஊரெல்லாம் இதுதான் வழக்கம். போகிக்கு முன்னால் ஒரு அக்கா நாலு பல்பைக் கொண்டுவந்தாள். நாலும் எரியவில்லை. நாலிலும் தேதி இல்லை. பளபளவென்று, பிறந்த குழந்தை மாதிரி இருந்தன. முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை சோப்பு வாசனை.

வீடு கழுவுகிறபோது பல்புகளையும் கழற்றி, பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்த்து, தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து மாட்டியிருக்கிறாள். எல்இடிக்குள் தண்ணீர் போனால் அவ்வளவுதான், இதற்கெல்லாம் மாற்றித் தர முடியாது என்று சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் பனமலை ஞாபகம் வந்து தொலைந்தது. அத்தையும் போகிக்கு வீடு கழுவுவாரே! கல்லாவை விட்டு வெளியே ஓடிப்போய், பல்பைக் கழுவாதே என்று தேவகிக்கு போன் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால், அந்த அக்கா அதே இடத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு பல்பாவது கொடுத்து அனுப்பிவிடலாம் என்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னாள்: "கல்யாணம் ஆனதிலிருந்து குண்டு பல்பைக் கழுவுறேன், ஒரு நாளும் அது கோவிச்சிக்கினது இல்ல. இது இன்னாக்கா, தண்ணி பட்டாலே செத்துப்பூடுது, இதைப் போயி நல்லதுன்றியே!"

நல்ல பொருளை விற்றால்

குண்டு பல்பு காலத்தில் எங்கள் கடையில் எப்போதும் ஆள் இருக்கும். பல்பு அடிக்கடி போகும், டியூப் லைட்டுக்கு ஸ்டார்ட்டர் போகும், சோக் போகும். இப்போது ஒருமுறை வாங்கிப் போனவர்கள் ரோட்டில் பார்த்தால் கையாட்டுவதோடு சரி. நான் விற்கிற பொருள் நல்லதாக இருந்தால் ஆள் திரும்பி வருவதில்லை; கெட்டதாக இருந்தால் திரும்பி வந்து திட்டுகிறது. இதை வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே சொன்னார்: "ஆளுங்களை வரவேணாம்னு அனுப்பிட்டு, வரலையேன்னு ரோட்டைப் பாத்துக்கினு உக்காந்திருக்கிற. உனக்கெல்லாம் எவன்மே கடையில சீட்டு குடுத்தான்?" என்னைக் கல்லாவில் உட்காரவைத்தவரே அவர்தான்.

பனமலை பில்

பொங்கல் முடிந்து, வாசல் கோலம்கூட அழியவில்லை. தேவகி போன் செய்தாள். ஒரே வார்த்தை. "ஏறிடுச்சிக்கா."

கடையை டீக்கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அனந்தபுரம் தாண்டுகிற வரைக்கும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். மீட்டர் தப்பாக ஓடியிருக்கும். மழைக்காலம். பண்டிகை. ஏரி தெரிந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. வீட்டு வாசலில் இறங்கியபோது காலைப் பதினோரு மணி வெயில். அந்த வெயிலில் அவர்கள் வீட்டு முன்கட்டு லைட், படிக்கட்டு லைட், கொட்டகை லைட், கேட்டுத் தூணில் புதிதாக வைத்திருந்த இரண்டு உருண்டை லைட் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. மாடுகூடக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நின்றது.

"ஏன் அத்தே பகல்லேயே எரியுது?" என்று மெல்லக் கேட்டேன்.

"எரிஞ்சா இன்னா? கரண்டே இழுக்காதுன்னு நீதானே சொன்ன?" என்றார் அத்தை. நான் அப்படிச் சொல்லவில்லை, பில் பாதியாகும் என்றுதான் சொன்னேன். ஆனால் பாயசம் சாப்பிட்ட வாய் என்ன சொன்னது என்று யார் சாட்சி? வாதாடாமல் தலையை ஆட்டினேன். அப்போதுதான் குளியலறைப் பக்கம் பார்த்தேன். சுவரில், வெள்ளை வெளேரென்று, ஒரு வாட்டர் ஹீட்டர். மார்கழிக் குளிருக்கு வாங்கியிருக்கிறார்கள். லைட்டில்தான் மிச்சமாகப் போகிறதே, அந்த மிச்சத்துக்கு இதை வாங்கிக்கொள்ளலாம் என்று அத்தையே கணக்குப் போட்டு, விழுப்புரத்தில் போய் வாங்கியிருக்கிறார். எங்கள் கடையில் இல்லை, விழுப்புரத்தில். அந்த வருத்தம் இப்போதுவரைக்கும் எனக்கு இருக்கிறது.

பில்லை ஏற்றியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லா எல்இடியும் சேர்ந்து எரிந்தாலும் அந்த ஹீட்டர் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் சொல்லத் தைரியம் வரவில்லை. என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "என்னாலதான் அத்தே. லைட்டெல்லாம் கழட்டிடறேன், பழசையே மாட்டிக்கலாம்." சொல்லிவிட்டு ஸ்டூலைக்கூட இழுத்துவிட்டேன். இந்தத் தங்கச்சிக்காகத்தான் நான் அத்தனை ராத்திரி புரண்டது. வந்த இடத்தில் அவள் பேச்சை நானே கழற்றி எறியப் பார்த்தேன்.

அப்போது சமையல்கட்டு வாசலிலிருந்து தேவகி குரல் வந்தது. நடுங்கியது, ஆனால் வந்தது. "லைட்டு ஏத்தலை அத்தே. ஹீட்டருதான் ஏத்துச்சி. நீங்க காலையில போட்டுட்டு, கொட்டகை வேலையெல்லாம் முடிஞ்சி வந்துதான் குளிக்கிறீங்க."

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அத்தை மருமகளைப் பார்த்தார், ஹீட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கொல்லையில் எரிந்துகொண்டிருந்த புது லைட்டைக் கையால் காட்டினார். அங்கே வைக்கோல் போருக்கும் கல் குவியலுக்கும் நடுவில்தான் கழிவறைக்குப் போகும் வழி. முந்தின வருஷம் அந்த வழியில்தான் அவரைத் தேள் கொட்டியது. மூன்று நாள் காலைத் தரையில் வைக்கவில்லை. இந்த மழையில் தேள் வந்ததா என்று கேட்டேன். வந்தன, வெளிச்சத்தில் தெரிந்தன, செருப்பால் அடித்தேன் என்றார். அவ்வளவு நேரமும் என் கையில் இருந்த ஸ்டூலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அத்தை சொன்னார்: "பில்லு ஏறினதுக்கு உன்னை விடப்போறதில்ல, அது வேற. ஆனா கொல்லை லைட்டுல கையை வெச்சே, விரலை ஒடிச்சிடுவேன். இனிமே எதை எரியவிடறது எதை அணைக்கிறதுன்னு தேவகி சொல்லட்டும், அந்த ஹீட்டரையும் சேத்துத்தான்."

பல்பு அட்டையில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறார்கள், எத்தனை வருஷம் எரியும் என்று போட்டிருக்கிறார்கள், அதை மாட்டப்போகும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும் போடுவதில்லை, அதைக் கேட்டுக்கொள்ளாமல்தான் நான் இன்னமும் லாபமா நஷ்டமா என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.